டி டிரைவ் யாருடையது?

ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் என்ற இரண்டு இயங்குதளங்களையும் வைத்திருக்கிறேன், கோப்புகளை இரண்டுக்கும் பொதுவாக்க என்ன வழி என்று யாரைக் கேட்டாலும் வருகிற பதில் ஒன்றுதான்: டிஸ்க்கில் தனியாக ஒரு பகுதியை, அதாவது ஒரு பார்ட்டிஷனை, பிரித்து எல்லாவற்றையும் அதில் கொட்டிவிடு. படம், பாட்டு, ஆவணம், உலாவியின் அமைப்புகள், மின்னஞ்சல், எல்லாமும். எந்த வாசல் வழியாக நுழைந்தாலும் உள்ளே ஒரே வீடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இது செரிக்கவே இல்லை. கும்பகோணத்தில் என் அத்தான் வைத்திருக்கும் டிடிபி கடையின் கணினியோடு மல்லுக்கட்டிய பிறகு, ஏன் செரிக்கவில்லை என்று ஓரளவு சொல்ல முடியும் என்று தோன்றுகிறது.

அந்தக் கணினிக்கு இரண்டு பேர் சொந்தம். பகலில் அத்தான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று அந்த வட்டாரத்து நல்லது கெட்டது அத்தனையும் அவர் கையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். பேஜ்மேக்கரும் கோரல் டிராவும்தான் அவருக்குச் சோறு போடுகின்றன. அவரிடம் உள்ள பழைய பதிப்புகள் விண்டோஸில் மட்டுமே ஓடும். இரவில் அது என் அக்கா மகளுடையது. பொறியியல் படிக்கிறாள், தினமும் தஞ்சாவூருக்கு ரயிலில் போய்வருகிறாள். பாடத்துக்காக லினக்ஸ் மின்ட் போட்டுக்கொண்டவள், இப்போது அதைவிட்டு வெளியே வர மாட்டேன் என்கிறாள். கூடவே அப்பாவுக்கு ஒத்தாசையாக, வாட்ஸப்பில் வருகிற மேட்டரை எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் ராத்திரியே தட்டிவைத்துவிடுவாள். காலையில் அத்தான் அதை எடுத்து லேஅவுட் போடுவார். ஆக இரண்டு பேருக்கும் பொதுவாக ஓர் இடம் வேண்டும். அதுதான் டி டிரைவ்.

இரண்டு இயங்குதளம் என்பது தமிழ்நாட்டுக்கு ஒன்றும் புதிதல்ல. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலேயே விண்டோஸோடு சேர்த்து, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். அக்காவின் மூத்த பையனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அப்படி ஒன்று கிடைத்தது. கணினியை முடுக்கினால் வரும் கறுப்புத் திரையில் இரண்டு பெயர் இருக்கும். இரண்டாவதைத் தொட்டால் கெட்டுப்போகும் என்று யாரோ சொல்லி, கடைசிவரை அவன் அதைத் தொடவே இல்லை. எத்தனையோ வீடுகளில் இதுதான் நடந்திருக்கும். தங்கைக்காரி அந்தப் பயம் இல்லாமல் வளர்ந்துவிட்டாள்.

எந்தப் பாஷையில் பிரிப்பது

பொது இடம் என்றதும் முதல் கேள்வி, அதை எந்தக் கோப்பு முறைமையில், அதாவது கோப்புகளை அடுக்கிவைக்கும் எந்த முறையில், ஃபார்மட் செய்வது என்பது. லினக்ஸின் இஎக்ஸ்டி4ஐ விண்டோஸ் தானாகப் படிக்காது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாக ஒரு டிஸ்க்கை இணைக்கலாம்தான். ஆனால் முழு டிஸ்க்கையும்தான் இணைக்க முடியும், அதில் ஒரு பார்ட்டிஷனை மட்டும் முடியாது. விண்டோஸ் இருக்கும் அதே டிஸ்க் என்றால் அந்தக் கதவும் சாத்திவிடும். ஃபேட்32 எங்கும் ஓடும், ஆனால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. கல்யாண வீடியோக்காரர் கொண்டுவந்து கொட்டும் ஃபைலை அதில் வைக்க முடியாது. எக்ஸ்ஃபேட்டில் அந்தத் தொல்லை இல்லை, இரண்டு பக்கமும் நன்றாகவே படிக்கும். ஆனால் அதற்கு ஜர்னல் கிடையாது, அதாவது பாதி எழுதும்போது மின்சாரம் போனால், எங்கே விட்டோம் என்று திரும்பிப் பார்க்க ஒரு குறிப்பு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எங்கள் பக்கம் கரண்ட் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் யாரும், தொழில் செய்யும் இடத்தில் அதைப் பரிந்துரைக்க மாட்டார். மிச்சம் இருப்பது விண்டோஸின் சொந்த என்டிஎஃப்எஸ். லினக்ஸில் அதைப் படிக்கவும் எழுதவும் என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற டிரைவர் மென்பொருள் 2007 முதலே இருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 2021இல் வந்த 5.15 பதிப்பில் என்டிஎஃப்எஸ்3 என்று இன்னொன்று கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. சரி, டி டிரைவ் என்டிஎஃப்எஸ் ஆனது. இதில் பெரிய விவாதம் எதுவும் நடக்கவில்லை.

விவாதம் அப்புறம்தான் வந்தது.

சாத்திய கதவு

அக்கா மகள் ராத்திரி லினக்ஸில் நுழைந்தால் சில நாட்கள் டி டிரைவ் ஒழுங்காகத் திறக்கும். சில நாட்கள் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. தட்டிய மேட்டரைச் சேமிக்க இடமில்லாமல் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்வாள். காலையில் அத்தான் தேடுவார், இருக்காது. “நேத்தே முடிச்சுட்டேன்னு சொன்னியே பாப்பா, எங்க?” “நீங்க ஒழுங்கா மூடாம போயிட்டீங்கப்பா, எழுத விடலை.” “நான் மூடாம போவேனா? ஷட் டவுன் குடுத்து, விளக்கு அணையிற வரைக்கும் நின்னு பாத்து, மெயின் சுவிட்சையும் அணைச்சுட்டுத்தான் ஷட்டரை இறக்குறேன்.” இது வாராவாரம் நடக்கும் சண்டையாகிவிட்டது. இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. அக்காதான் எனக்குப் போன் செய்தாள், “நீ வந்து என்னான்னு பாரு, வீட்ல இதே பேச்சா இருக்கு” என்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையை அடைத்துவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் முதலில் லினக்ஸ் சொல்லும் பிழைச் செய்தியைப் படிக்கச் சொன்னேன். அதில் விஷயம் அப்படியே இருந்தது: இந்த பார்ட்டிஷனின் தகவல் விண்டோஸின் தற்காலிக நினைவில் இன்னும் மிச்சம் இருக்கிறது, எழுதுவது ஆபத்து, அதனால் படிக்க மட்டும் திறக்கிறேன். “பாத்தீங்களா, மூடலை” என்றாள் அவள். அத்தான் ஒன்றும் பேசாமல் விண்டோஸுக்குள் போய், எங்கள் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் மூடி, ஷட் டவுன் கொடுத்தார். விளக்கு அணைந்தது. திரும்ப முடுக்கி லினக்ஸில் போனோம். எழுத விடவில்லை. மறுபடி விண்டோஸுக்குள் போய், இந்தத் தடவை ஷட் டவுனுக்குப் பதிலாக ரீஸ்டார்ட் கொடுக்கச் சொன்னேன். கறுப்புத் திரை வந்ததும் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தோம். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எழுத விட்டது. அத்தான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன மாப்ளே இது? அணைச்சா அணையலை, அணைச்சுட்டு உடனே போட்டாத்தான் முழுசா அணையுதா?”

அதேதான். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஷட் டவுன் கொடுத்தால் நாம் திறந்துவைத்த புரோகிராம்கள் மூடும், நம் கணக்கிலிருந்து வெளியேறும். ஆனால் கெர்னலும் டிரைவர்களும் உண்மையில் மூடுவதில்லை. அவற்றின் நினைவை அப்படியே டிஸ்க்கில் ஒரு கோப்பாக எழுதிவைத்துவிட்டுத் தூங்கப் போகின்றன. மறுநாள் புதிதாகத் தொடங்காமல் அந்தக் கோப்பைப் படித்து விட்ட இடத்திலிருந்து எழுகின்றன. சுழலும் ஹார்ட் டிஸ்க் காலத்தில் இது நியாயமான யோசனை, அத்தனை நேரம் மிச்சமாகும். ரீஸ்டார்ட் கொடுப்பவர் பெரும்பாலும் ஏதோ பிரச்சினையைச் சரிசெய்யத்தான் கொடுக்கிறார் என்பதால் அதை மட்டும் முழுமையாக மூடித் திறக்கும்படி விட்டுவைத்தார்கள். ஆபத்து எங்கே என்றால், அந்தத் தூக்கத்தில் டி டிரைவில் என்னென்ன கோப்பு எங்கெங்கே இருக்கிறது என்ற கணக்கும் சேர்ந்து உறைந்துபோகிறது. நடுவில் லினக்ஸ் வந்து நாலு கோப்பை எழுதி, இரண்டை அழித்துவிட்டுப் போனால் விண்டோஸுக்கு அது தெரியாது. முதல் நாள் சாயங்காலம் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடியது என்று மனசில் வைத்துக்கொண்டு, ராத்திரி முறையில் மேல்மடைக்காரர் பாய்ச்சியது தெரியாமல், விடியற்காலை இருட்டில் போய் மடையை வெட்டுகிற மாதிரி. வரப்பு உடையும். அதனால்தான் லினக்ஸின் டிரைவர் எழுத மறுத்தது. அது அடம்பிடிக்கவில்லை, அத்தானின் கோப்புகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

இதை விளக்கியபோது அந்தச் சின்னக் கடையில் காற்று மாறியதைப் பார்த்தேன். “நான் மூடினேன்” என்று அத்தான் சொன்னதும் உண்மை, “மூடலை” என்று அவள் சொன்னதும் உண்மை. இத்தனை நாள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தது, ஒரு வசதிக்காக யாரோ முன்கூட்டியே குறித்துவைத்த ஒரு டிக்கினால். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிற பக்கத்தில் அந்த டிக்கை எடுத்தோம். கடைக் கணினியில் சுழலாத, வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் இருப்பதால் தொடங்குகிற நேரத்தில் அத்தானுக்கு வித்தியாசமே தெரியவில்லை. டிக்கை எடுக்க முடியாத இடத்தில், ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தாலும் முழுசாக மூடும்.

எனக்கு அன்றைக்கு உறைத்தது வேறு. பொது இடம் என்று நாம் ஒன்றை வைத்தாலும், விண்டோஸ் டி டிரைவைப் பொது இடமாக நினைக்கவே இல்லை. இந்தக் கணினியில் தான் மட்டும்தான் இருக்கிறோம் என்ற எண்ணத்தில்தான் அது தூங்கப் போகிறது. லினக்ஸும் யோக்கியம் இல்லை, அதற்கும் அதே எண்ணம் வேறு வேறு இடங்களில் உண்டு. பகிர்ந்துகொள்ளத் தெரியாத இரண்டு பேரிடம் போய் எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்ளுங்கள் என்றால் எப்படி?

ஐந்தரை மணி நேரம்

கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டில் இருக்கும் கடிகாரம் காட்டுவது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. அது உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. நமக்கு வித்தியாசம் 5.30 மணி. லினக்ஸிலிருந்து மூடிவிட்டுக் காலை பத்து மணிக்கு விண்டோஸைத் திறந்தால் அது விடியற்காலை நாலரை என்று சொல்லும். இணையம் இருந்தால் கொஞ்ச நேரத்தில் தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆனால் கடையில் இணையம் என்பது அத்தானின் போன் ஹாட்ஸ்பாட், அது அவர் சட்டைப்பையோடு டீக்கடைக்குப் போய்விடும். ஒருநாள் காலை எட்டு மணிக்கு அக்கா மகள் லினக்ஸில் ஒரு மேட்டரைத் திருத்திவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினாள். பத்து மணிக்குப் பாபநாசத்துக்காரர் வந்து முகூர்த்த நேரத்தை மாற்றச் சொல்ல, அத்தான் விண்டோஸில் மாற்றி வேறு பெயரில் சேமித்தார். தேதிவாரியாக அடுக்கினால் மகள் தட்டியதுதான் புதியது, அப்பா மாற்றியது பழையது. பழைய நேரத்தோடு புரூஃப் போய்விட்டது. நல்லவேளை, பெண்ணின் தாய்மாமன் புரூஃபை எழுத்தெழுத்தாகப் படிக்கிற ஆள்.

இதற்குச் சுத்தமான தீர்வு, விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து அதையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றுவது. லினக்ஸ்காரர்கள் இதைத்தான் சொல்வார்கள். உள்ளூர் நேரத்தை மதர்போர்டில் வைத்தால், கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்தும் நாடுகளில் இரண்டு இயங்குதளமும் ஆளுக்கொரு முறை நகர்த்திக் குழப்பும் என்பது அவர்கள் வாதம். நமக்கு அந்தப் பழக்கமே இல்லை. கும்பகோணத்தில் ஆடியிலும் மார்கழியிலும் ஒரே நேரம்தான். அத்தானுக்கோ ரெஜிஸ்ட்ரி என்றாலே அலர்ஜி. அதனால் லினக்ஸையே உள்ளூர் நேரத்துக்கு மாற்றும்படி அவளிடம் சொன்னேன். ஒரு வரிக் கட்டளை. “கொள்கைப்படி இது தப்பு மாமா” என்றாள். தப்புதான். ஆனால் சம்பாதிக்கும் கணினி விண்டோஸ் பக்கம் இருக்கிறது, விட்டுக்கொடுக்க வேண்டியவர் விருந்தாளி.

தமிழுக்கு மட்டும் வரும் தொல்லைகள்

இதுவரை சொன்னது எந்த ஊர்க்காரருக்கும் வரும். டி டிரைவில் தமிழ் இருந்தால் அதற்கு மேலும் சில உண்டு. அதிலே பெரியது பழைய எழுத்துருக்கள். அத்தானின் முதல் பத்து வருஷ வேலை அத்தனையும் பாமினி, வானவில் மாதிரியான எழுத்துருக்களில் இருக்கிறது. பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டினால் கோப்பில் உண்மையில் கிடப்பது ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் மட்டும்தான் அது தமிழ். பார்ட்டிஷனைப் பொதுவாக்கிவிட்டதால் கோப்பு லினக்ஸுக்கு வந்துவிடும். தமிழ் வந்துசேராது. எழுத்துருவையும் லினக்ஸில் போட்டுக்கொண்டால் கண்ணுக்குத் தெரியும், ஆனால் உள்ளே தேடினால் எதுவும் அகப்படாது. யூனிகோடுக்கு மாற்றினால் ஒழிய அது பகிர்ந்த மாதிரி இல்லை.

மாற்றினாலும் வேடிக்கை தீர்வதில்லை. ஒருநாள் டி டிரைவில் ‘கும்பகோணம்’ என்று இரண்டு ஃபோல்டர் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் எப்படி இருக்கும் என்று அத்தான் வைரஸ் வரைக்கும் போய்விட்டார். விஷயம் ‘கோ’வில் இருந்தது. யூனிகோடில் அதன் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் ஒரு ஏகாரக் கொம்பும் பின்னால் ஒரு துணைக்காலுமாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிக்கொடுத்த ஏதோ ஒரு மென்பொருள் பிரித்து எழுதியிருக்கிறது, அக்கா மகளின் விசைப்பலகை சேர்த்து எழுதியிருக்கிறது. என்டிஎஃப்எஸ், இஎக்ஸ்டி4 இரண்டுமே இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்காது. கொரடாச்சேரிக்கும் கோவிந்தபுரத்துக்கும் இதே கதி.

அப்புறம் கோப்பின் பெயர். அத்தானுக்குக் கோப்புக்குப் பெயர் வைப்பது பத்திரிகை அடிப்பது மாதிரி: மணமகன், மணமகள், ஊர், மண்டபம், தேதி அத்தனையும் இருக்க வேண்டும். என்டிஎஃப்எஸ்ஸில் பெயருக்கு 255 குறிகள் வரை இடம் உண்டு. இஎக்ஸ்டி4இல் எல்லை 255 பைட்டு. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று வேண்டும். அப்படியானால் 85 குறிகள்தான். அதிலும் ‘கு’ என்றால் ககரத்துக்கு ஒன்று, உகரத்துக்கு ஒன்று என இரண்டு குறி. மகள் அந்தக் கோப்பைத் தன் ஹோம் ஃபோல்டருக்கு நகலெடுத்தால், பெயர் நீளம் என்று சொல்லித் திருப்பி அனுப்பும். அவள் பங்குக்கும் ஒன்று செய்தாள். ‘முகூர்த்தம் 9:00’ என்று பெயர் வைத்தாள். லினக்ஸ் அரை நொடியில் சேமித்தது. விண்டோஸுக்கு அந்த முக்காற்புள்ளி பெயரில் வரவே கூடாது, கோப்பு கண்ணுக்குத் தெரிந்தும் திறக்கவில்லை. டிரைவை லினக்ஸில் மவுன்ட் செய்யும்போதே, அதாவது இணைக்கும்போதே, இப்படிப்பட்ட பெயர்களைத் தடுக்க ஒரு விருப்பம் இருக்கிறது, அதைச் சேர்த்துவைத்தோம்.

எதைப் பகிர்வது

ஆரம்பத்தில் அவள் தன் நிரல்களையும் டி டிரைவில்தான் வைத்திருந்தாள். என்டிஎஃப்எஸ்ஸில் லினக்ஸின் அனுமதிகள் சாதாரணமாக நிற்காது. மவுன்ட் செய்யும்போது சொல்லும் ஒருவர் பெயரில் எல்லாக் கோப்பும் வந்துவிடும், எல்லாமே ஓட்டக்கூடியவையாகத் தெரியும். நிரலில் செய்யும் மாற்றங்களைக் கணக்குவைக்கும் கிட் என்ற மென்பொருள் அதைப் பார்த்து, ஒரு வரியும் தொடாத கோப்புகளையெல்லாம் மாறிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்பா ஒருநாளும் திறக்கப்போவதில்லாத நிரலைப் பொது இடத்தில் வைப்பதில் என்ன லாபம்? எடுத்துக்கொண்டு போய் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் அமைப்புகள் அடங்கிய புரொஃபைலையும் பொதுவாக்க ஆசைப்பட்டாள். 2019இல் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து, புதிய பதிப்பு தொட்ட புரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்காது. விண்டோஸில் ஒரு நாள் அப்டேட் ஆகும், லினக்ஸில் இன்னொரு நாள் ஆகும். அந்த இடைவெளியில் ஒரு பக்கம் நிற்கும். அதற்குப் பதில் ஃபயர்ஃபாக்ஸின் சிங்க் கணக்கே போதும். வாட்ஸப்புக்கு இந்தக் கவலையே இல்லை. நான்கு கருவிகள் வரை இணைக்கலாம், இரண்டு உலாவிகளையும் தனித்தனிக் கருவியாக இணைத்தாகிவிட்டது.

ஆக, என் கட்சி இதுதான். அமைப்புகளும் பழக்கவழக்கங்களும் அவரவர் பக்கம் இருக்கட்டும். இரண்டு பேரும் உண்மையிலேயே திறக்கும் கோப்புகள் மட்டும் பொதுவில் வரட்டும். அந்தப் பொது இடத்துக்கு ஒரே ஒருவர் உரிமையாளர், மற்றவர் அவர் வழக்கப்படி நடந்துகொள்பவர். எங்கள் கதையில் உரிமையாளர் விண்டோஸ், வேறு வீட்டில் லினக்ஸாக இருக்கலாம். சரிசமம் என்று நினைத்து வைத்தால் குப்பைத்தொட்டிகூட இரண்டாகிவிடும். லினக்ஸில் அழித்த கோப்புகள் டி டிரைவில் மறைந்திருக்கும் தன் சொந்தக் குப்பைக்குப் போகும், விண்டோஸின் குப்பைத்தொட்டி காலி என்று காட்டும். தை மாதக் கல்யாண நெரிசலில் இடம் போதவில்லை என்று அத்தான் தலையில் கைவைத்தபோது, பாதியை அடைத்துக்கொண்டிருந்தது அதுதான்.

புதுக் கணினி வாங்குகிறவர்களுக்கு ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்போது வரும் விண்டோஸ் 11 பல கணினிகளில் டிஸ்க்கைத் தானே பூட்டிக்கொள்கிறது. லினக்ஸ் அதைத் திறக்கும், ஆனால் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி, கணினியை முதலில் அமைத்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். வாங்கின இடத்தில் அவசரத்துக்கு யாருடைய மின்னஞ்சலைப் போட்டார்கள் என்று வீட்டுக்கு வருவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

அத்தானின் டி டிரைவில் இன்னும் தீராதது ‘மகாமகம் 2016’ என்ற ஃபோல்டர். மலருக்காக அடித்த பக்கங்கள் முழுக்க பேஜ்மேக்கரிலும் பழைய எழுத்துருவிலும் இருக்கின்றன. லினக்ஸில் அவை அச்சு அசலாக வருவதில்லை. இப்போதைக்கு ஒவ்வொன்றாக பிடிஎஃப் ஆக்கிப் பக்கத்திலேயே போடச் சொல்லியிருக்கிறேன். மேட்டரை மட்டும் பிரித்து யூனிகோடுக்கு மாற்றும் வேலையை அக்கா மகள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த மகாமகம் 2028இல். அத்தான் பழைய மலரை எதிரில் வைத்துக்கொண்டுதான் புதுசைத் தொடங்குவார் என்பதால், அதற்குள் முடித்தாக வேண்டும்.